குளிர் நாட்டு வேட்டைல கால் விறைக்காம இருக்க எது நல்லது: கம்பளி சாக்ஸா, ஹீட் பேக்கா, பேட்டரி சாக்ஸா?

இங்க மலேசியாவுல தோட்டத்துல லைசென்ஸ் எடுத்து காட்டுப்பன்னி பின்னாடி திரிஞ்ச நம்ம ஆளுங்க கொஞ்ச பேரு இப்ப நியூசிலாந்து தென் தீவுக்கு மானுக்கும் தாருக்கும் போக ஆரம்பிச்சிருக்காங்க, தார்னா நம்ம வரையாட்டுக்கு சொந்தக்கார மிருகம் தான், சொந்த ஊரு இமயமலை, 1904ல இங்கிலாந்துல வளர்த்த கூட்டத்துல இருந்து கொண்டு போயி மவுண்ட் குக் பக்கம் விட்டது, பெருகிப்போயி இப்ப மலைச்செடி எல்லாத்தையும் மேயுதுன்னு வேட்டையாட விடுறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் எங்கிட்ட கேக்குறது துப்பாக்கிய பத்தி இல்ல. "அண்ணே, காலுக்கு என்ன வாங்கறது?" இது தான். சரியான கேள்வி. ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி போடுறவங்க கால்ல பசார் மாலாம் (ராத்திரி சந்தை) சாக்ஸ மாட்டிட்டு போறாங்க, விரல் மரத்துப்போச்சுன்னா ஆளால ஒரு இடத்துல உக்கார முடியாது, கால தரையில தட்ட ஆரம்பிச்சாலே மிருகம் அந்த மலைய விட்டே போயிடும்.

எதை வாங்கலாம்னு பாக்குறதுக்கு முன்னாடி கால் ஏன் மொதல்ல விறைக்குதுன்னு தெரிஞ்சிக்கணும், ஏன்னா அது தெரியாம கடைக்கு போனா தடியான சாக்ஸா பாத்து ரெண்டு ஜோடி மேல மேல போட்டுக்கிட்டு வந்துடுவோம். கால் விரல்ல சதை கம்மி, எலும்பும் நரம்பும் தான், சொந்தமா சூடு உண்டாக்காது, ரத்தம் கொண்டு வர்ற சூடு தான் எல்லாமே. உடம்பு நடுப்பகுதி குளிர ஆரம்பிச்சா உடம்பே கை கால் பக்கம் போற ரத்தக்குழாய சுருக்கிடும், நெஞ்சையும் வயித்தையும் காப்பாத்தணும்ல. அதனால டைட்டான பூட்ஸுக்குள்ள ரெண்டு சாக்ஸ் திணிச்சா வர்ற கொஞ்ச ரத்தமும் நின்னுடும், சாக்ஸுக்குள்ள இருக்குற காத்தும் நசுங்கிடும், அந்த காத்து தான் உண்மையில குளிர தடுக்குறது. இன்னொன்னு ஈரம். தண்ணி காத்த விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா சூட்ட கடத்தும். நம்மள மாதிரி 33 டிகிரில வாழ்ந்து பழகினவங்க குளிர் நாட்டுல பயந்து போயி எல்லாத்தையும் போட்டுக்கிட்டு மலை ஏறுவோம், பாதி வழியிலயே கால் வேர்த்துடும், மேல போயி உக்காந்த அரை மணி நேரத்துல அந்த வேர்வையே ஐஸ் தண்ணி மாதிரி ஆயிடும். என் கணக்குல குளிர் நாட்டுல நம்ம காலுக்கு முதல் எதிரி பனி இல்ல, நம்ம சொந்த வேர்வை.

சரி, சாக்ஸ். பருத்தி வேணவே வேணாம், ஈரத்த குடிச்சிட்டு விடாது, அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. போட்டி மெரினோ ஆட்டுக் கம்பளிக்கும் சிந்தெட்டிக்குக்கும் தான். மெரினோ தன் எடைல ஏறக்குறைய 30 சதவீதம் ஈராவிய நாருக்குள்ள இழுத்துக்கும், அப்பவும் தொட்டா ஈரம்னு தெரியாது, நாரு சுருள் சுருளா இருக்கறதால காத்த பிடிச்சு வச்சிக்கும், பல நாள் போட்டாலும் நாத்தம் கம்மி (மலைக்குடிசைல நாலு பேரோட படுக்கறப்ப இதுக்கு மதிப்பு ஜாஸ்தி). சிந்தெட்டிக் சீக்கிரம் காயும், விலை கம்மி, நல்லா உழைக்கும், ஆனா நாறும். சுத்த கம்பளின்னா குதிகால்ல சீக்கிரம் தேஞ்சு ஓட்டை விழும், அதனால லேபிள்ல பாருங்க, கம்பளி அறுபது எழுபது சதவீதமும் மீதி நைலானும் கொஞ்சம் எலாஸ்டிக்கும் இருந்தா அது தான் வேட்டைக்கு சரி. டெக்காத்லான்லயும் யூனிவர்சல் டிராவலர்லயும் வின்டர் சாக்ஸ் கிடைக்கும், முன்னாடி தெர்மல்னு பெருசா எழுதியிருந்தாலும் திருப்பி பின்பக்கம் கம்பளி எவ்வளவுன்னு படிச்சிட்டு வாங்குங்க.

இத கே.எல்.லயே (கோலாலம்பூர்) சோதிச்சு பாக்கலாம். செலாயாங் பாசார் போரோங்ல (மொத்த விலை சந்தை) சொந்தக்கார தம்பி ஒருத்தரு உறைஞ்ச மீன் வியாபாரம், அவரோட கோல்ட் ரூம் மைனஸ் 18ல ஓடும். இடது கால்ல பருத்தி, வலது கால்ல மெரினோ, ரெண்டு சாக்ஸும் லேசா தண்ணி தெளிச்சது, ஒரே சைஸ் சப்பாத்து, உள்ள போயி சும்மா நின்னேன். கொஞ்ச நேரத்துலயே இடது காலோட சுண்டு விரலு எங்க இருக்குன்னே தெரியல, வலது கால்ல குளிர் தெரியுது ஆனா விரல மடக்க முடியுது. இத விட எனக்கு பெரிய பாடம் அந்த தம்பி பண்ணினது தான், "அண்ணே சிமெண்ட்ல நிக்காதீங்க" ன்னு மீன் வர்ற போலிஸ்டைரின் பெட்டி மூடி ஒண்ண தூக்கி காலுக்கு கீழ போட்டாரு பாருங்க, உடனே வித்தியாசம் தெரிஞ்சிது, அவங்க தினமும் அதுல நிக்கிறவங்க, அவங்களுக்கு தெரியாததா. கால்ல இருந்து போற சூடு பக்கவாட்டுல போறத விட கீழ தரைக்கு போறது தான் நம்மள கொல்லுது. அதனால வாத்து வேட்டைக்கு மறைவிடத்துல உக்காரப் போறவங்க (அங்க மைமைன்னு சொல்லுவாங்க, சீசன் மே மாசம் முதல் சனிக்கிழமை திறக்கும்) ஒரு துண்டு ஃபோம் பாய், யோகா பாய வெட்டின துண்டு கூட போதும், பைல வச்சிக்குங்க, காலுக்கு கீழ போடுங்க, இதுக்கு ஆகுற செலவுல இவ்வளவு பலன் தர்ற சாமான் வேற இல்ல.

பூட்ஸ் விஷயத்துல தான் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஏன்னா நடக்குற வேட்டைக்கும் உக்கார்ற வேட்டைக்கும் தேவை நேர் எதிர். தார் வேட்டைன்னா நாள் முழுக்க ஏறி இறங்கணும், அங்க தடியா இன்சுலேஷன் (குளிர தடுக்குற அடுக்கு) வச்ச பூட்ஸ் போட்டா கால் வெந்துடும், லெதர் மலை பூட்ஸ், இன்சுலேஷன் இல்லாதது இல்லன்னா 200 கிராம் அளவுல லேசா இருக்குறது போதும். (அந்த கிராம் கணக்கு பூட்ஸோட எடை இல்ல, ஒரு சதுர மீட்டர் இன்சுலேஷன் துணியோட எடை, 400, 800, 1000னு ஏறும்.) அசையாம உக்கார்ற வேட்டைக்கு 800க்கு மேல இருக்கறது இல்லன்னா உள்ள கழட்டக்கூடிய ஃபெல்ட் லைனர் (தடியான துணி உறை) வச்ச, கீழ ரப்பரும் மேல லெதருமா இருக்குற பேக் பூட்ஸ் நல்லது, கனடா பக்கம் மான் வேட்டைக்கு மரத்து மேல உக்கார்றவங்க பேக் பூட்ஸ விடமாட்டாங்க, ராத்திரி லைனர மட்டும் உருவி அடுப்பு பக்கம் காய வச்சிடலாம்ல. கீழ ரப்பர் மேல லெதர்ங்கற அந்த அமைப்பே ஒரு வேட்டைக்காரரு ஈரக்கால் தாங்காம கண்டுபிடிச்சது, அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்து எல்.எல்.பீன் 1912ல வித்தாரு, முதல் 100 ஜோடில 90 ரப்பர் தையல் பிரிஞ்சு திரும்பி வந்துச்சு, காச திருப்பி குடுத்துட்டு சரி பண்ணி மறுபடி வித்தாரு.

கம் பூட்ஸ் (முழு ரப்பர் பூட்ஸ்) பத்தி சொல்லாம இருக்க முடியாது, நியூசிலாந்துல ரெட் பேண்ட் கம் பூட்ஸ் போடாத விவசாயிய பாக்கறது கஷ்டம், தண்ணி உள்ள வராது, விலையும் தாங்கும். ஆனா அதுல இன்சுலேஷன் கிடையாது, வேர்வையும் வெளிய போகாது, சேத்துல வாத்துக்கு நிக்கிறவங்க 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் (நுரை ரப்பர்) வச்ச ரப்பர் பூட்ஸ் பாக்கணும். மெம்பரேன் (தண்ணி புகாத மெல்லிசு படலம்) வச்ச வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் பனில நல்லாருக்கும், ஆனா தென் தீவு மேற்குப் பக்கம் ஆறு தாண்டி தாண்டி தான் போகணும், மேல வழியா ஒரு தடவ தண்ணி உள்ள போச்சுன்னா அது சீக்கிரத்துல காயாது, அங்க அடிக்கடி ஆறு கடக்கறவங்க வேகமா காயுற சாதாரண பூட்ஸும் கம்பளி சாக்ஸும் போட்டுட்டு நனைஞ்சா நனையட்டும்னு நடந்துடுவாங்க, நடக்குற வரைக்கும் அது சரி தான்.

நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்குன்னு ரெண்டு விஷயம். ஃபேக்டரி சேஃப்டி பூட்ஸ் வீட்ல சும்மா தானே இருக்குன்னு எடுத்துட்டு போகாதீங்க, முன்னாடி இருக்குற இரும்பு தொப்பி தடி சாக்ஸோட விரல ஆட விடாது. ரெண்டாவது பண்டல் கடை (பழைய சாமான் விக்கிற கடை) பூட்ஸ். ஜப்பான்ல இருந்து வர்ற பழைய வின்டர் பூட்ஸ் நல்ல விலைக்கு மாட்டும், ஆனா அடிப்பாகத்துல பாலியூரித்தேன் இருந்தா நம்ம ஊரு வெக்கைலயும் ஈரக்காத்துலயும் சும்மா வச்சிருந்தாலே அது உதிரும், வெளிய புதுசு மாதிரி இருக்கும், மலைல பாதி வழில சோல் கழண்டு கைக்கு வரும். விரலால சோல் ஓரத்த அழுத்தி பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா வேணாம். அளவு எப்பவும் வின்டர் சாக்ஸ் போட்டுக்கிட்டே சாயங்காலமா பாத்து எடுங்க, விரல் உள்ள தாராளமா ஆடணும், அரை சைஸ் பெருசா எடுத்தா தப்பில்ல.

இப்ப சூடு குடுக்குற சாமான். ஒட்டற டோ வார்மர் (கால் விரலுக்கான ஹீட் பேக்) ஒரு பக்கம், பேட்டரி சாக்ஸ் ஒரு பக்கம். டோ வார்மருக்குள்ள இருக்கறது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் தண்ணி, காத்து பட்டா இரும்பு துருப்பிடிக்கும், அந்த துருப்பிடிக்கிற சூடு தான் வர்றது. காத்து வேணும்ங்கறத மறந்துடாதீங்க, இறுக்கமான பூட்ஸுக்குள்ள அது மூச்சு முட்டி செத்துடும், அப்புறம் பேக்கெட்ட திட்டுவோம். கைக்கு விக்கிறத கால்ல போடக்கூடாது, காலுக்குன்னு விக்கிறது கம்மி காத்துல வேலை செய்யற மாதிரி கலந்தது. சாக்ஸுக்கு வெளிய, விரலுக்கு மேல் பக்கம் ஒட்டுங்க, தோல்ல நேரா ஒட்டாதீங்க. அஞ்சு ஆறு மணி நேரம் வரும், சீக்கிரம் திரும்பிட்டா ஜிப் பைல போட்டு காத்த அமுக்கி வெளியாக்கி மூடிடுங்க, அடுத்த நாள் மிச்சம் வேலை செய்யும்.

பேட்டரி சாக்ஸ் சுகம் தான், இல்லன்னு சொல்லல, பட்டன அமுக்கினா சூடு, வேணாம்னா ஆஃப். ஆனா பெட்டில போட்டிருக்குற நீண்ட நேரக் கணக்கு லோ-ல வச்சா தான், ஹை-ல வச்சா அதுல கொஞ்சம் தான் வரும், குளிர்ல லித்தியம் பேட்டரி இன்னும் குறையும், கெண்டைக்கால்ல அந்த பேட்டரி கனமும் பூட்ஸ் ஓரம் இடிக்கிறதும் தனி. மலைக்குடிசைல கரண்ட் இல்லன்னா ரெண்டாம் நாள் அது விலை கூடுன சாதா சாக்ஸ். விமானத்துல உதிரி லித்தியம் பேட்டரிய கைப்பைல தான் கொண்டு போகணும், செக்-இன் பெட்டில போடக்கூடாது. ரெண்டுல எதுன்னு கேட்டா எனக்கு டோ வார்மர் தான், அதுவும் அவசரத்துக்கு ரெண்டு மூணு பேக்கெட். ரேநோ பிரச்சனை இருக்குறவங்க, விரல் சட்டுன்னு வெளுத்து போறவங்க, டாக்டர கேட்டுட்டு பேட்டரி சாக்ஸுக்கு காசு போட்டா நியாயம்.

இன்னொண்ண கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். மலேசியாவுல சக்கரை வியாதி நம்ம இந்தியர்கள் மத்தியில தான் அதிகம், வேட்டைக்கு போற வயசுல நிறைய பேரு மாத்திரை போடுறவங்க தான். நீண்ட நாள் சக்கரை இருந்தா கால் நரம்புல உணர்ச்சி குறையும், சூடு சுடுறதும் தெரியாது குளிர் கடிக்கிறதும் தெரியாது, அப்படி ஆளுங்க டோ வார்மரும் வேணாம் பேட்டரி சாக்ஸும் வேணாம், கொப்புளம் வந்தது ராத்திரி சாக்ஸ் கழட்டறப்ப தான் தெரியும், அந்த புண்ணு ஆறாம போயி விரல எடுக்கற அளவுக்கு போயிடும். மாமா, சித்தப்பா யாரையாவது கூட்டிட்டு போறீங்கன்னா தினமும் ராத்திரி டார்ச் அடிச்சு அவங்க பாதத்த நீங்களே பாருங்க, வெக்கப்பட்டா படட்டும்.

அதிகம் பேரு கவனிக்காத ஒண்ணு இருக்கு, ஓவர்பூட், பூட்ஸ் மேலயே மாட்டுற தடியான உறை. நடக்கறப்ப பைக்கு வெளிய கட்டிக்கலாம், உக்காந்த உடனே மாட்டிக்கலாம், அதனால லேசான பூட்ஸ் ஒண்ண வச்சே ரெண்டு வித வேட்டையும் சமாளிக்கலாம். நம்மள மாதிரி எப்பயாவது போறவங்களுக்கு ரெண்டு ஜோடி பூட்ஸ் வாங்கறத விட இது கட்டுப்படி. ரொட்டி பிளாஸ்டிக் பைய மெல்லிசு சாக்ஸுக்கும் கம்பளி சாக்ஸுக்கும் நடுவுல மாட்டுற வழியும் உண்டு, வேர்வை கம்பளிக்கு போகாம தடுக்கும், அமெரிக்க ராணுவத்து வெள்ளை 'பன்னி' (bunny, அதாவது முயல்) பூட்ஸ் மைனஸ் 50க்கு கீழ தாங்குறதும் ஏறக்குறைய இந்த வழி தான், இன்சுலேஷன ரப்பருக்குள்ள வச்சு ஈரமே படாம மூடிட்டாங்க. ஆனா பூஜ்யத்துக்கு நல்லா கீழ போனா தான் அதுக்கு அர்த்தம், நியூசிலாந்து மாதிரி ஈரக்குளிருக்கு கால் ஊறித்தான் போகும், நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ஆக காச இப்படி பிரிங்க: முதல்ல மெரினோ கலந்த சாக்ஸ் மூணு ஜோடி, அப்புறம் அளவு சரியான பூட்ஸ், அப்புறம் ஃபோம் பாய், அப்புறம் ஓவர்பூட், கடைசியா டோ வார்மர். ஏறறப்ப மெல்லிசு சாக்ஸ், ஜாக்கெட் திறந்து, மெதுவா. மேல போனதும் கால துடைச்சிட்டு காஞ்ச கம்பளி சாக்ஸ் மாத்துங்க, லேஸ லூசா கட்டுங்க, தலைக்கு தொப்பி போடுங்க, எதையாவது சாப்பிடுங்க. சிகரெட் வேணாம், ரத்தக்குழாய சுருக்கும். பழைய பூட்ஸ கொண்டு போறவங்க சோல்ல ஒரு துளி மண்ணு இல்லாம பிரஷ் போட்டு கழுவி காய வச்சு எடுத்துட்டு போங்க, நியூசிலாந்து உள்ள போறதுக்கு நிரப்புற டிராவலர் டிக்லரேஷன்ல டிக்லேர் பண்ணுங்க, மறைச்சு மாட்டினா அங்கயே 400 டாலர் அபராதம், அந்த காசுக்கு இன்னும் எத்தன ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கலாம்.