குழியில் பாறை வந்துவிட்டது என்று சொன்னதும் நம்பிவிடாதீர்கள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே ஒரு மனை. பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தக்காரர் கடைக்காலும் மேல்தளமும் போட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். முதல் ஐப்பசி மழையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடியது. "பூச்சு விரிசல்தான், பட்டி வைத்தால் போய்விடும்" என்றார். பட்டி வைத்த இடத்திலேயே மறுபடி பிளந்தது. சுவரோரம் தோண்டிப் பார்த்தால் முன்பக்க பில்லர்கள் பாறைமேல் நிற்கின்றன; பின்பக்க பில்லர்கள் கொட்டி நிரப்பிய மண்மேல் நிற்கின்றன.

நம் இரண்டு மாவட்டங்களிலும் இது அடிக்கடி நடக்கிற ஏமாற்று. ஒரே மனையில் ஒரு மூலையில் மூன்றடியில் பாறை வரும், எதிர் மூலையில் எட்டடி போனாலும் செம்மண்தான் வரும். பாறை அசையாது, மண் நனைந்தால் அமுங்கும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் இறங்கும்போது நடுவில் இருக்கிற சுவர்தான் கிழியும். இதற்கு மேலே எத்தனை முறை பூசினாலும் பயனில்லை.

பாறை என்று காட்டுவது உண்மையில் பாறைதானா என்பதையும் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் உருண்டைக் குண்டுக்கற்கள் தனியாகக் கிடக்கும். கடப்பாரையால் தட்டினால் அதிலும் கணீரென்றுதான் சத்தம் வரும். குழியைச் சுற்றி அகலமாகத் தோண்டிக் கல்லின் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கம்ப்ரசர் வைத்துத் துளை போடச் சொல்லுங்கள். குண்டுக்கல் என்றால் சில அடியில் துளை மண்ணுக்குள் இறங்கிவிடும். மண்ணுக்கு அடியில் தொடர்ச்சியாக ஓடும் படுகைப் பாறையாகவே இருந்தாலும் மேற்பரப்பு சரிவாக இருக்கக்கூடாது. படிபோல மட்டமாக வெட்டி, அதன்மேல்தான் பூட்டிங் (பில்லரின் அடிப்பீடம்) வைக்க வேண்டும். மண் பக்கத்துக் குழிகளை எட்டும் ஆழம் என்றால் பாறைவரை இறக்கி, பூட்டிங் மட்டம் வரை கம்பியில்லாத கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். எட்டாத ஆழம் என்றால் வேலையை நிறுத்திவிட்டு, பொறியாளரிடம் வரைபடத்தை மாற்றி வாங்க வேண்டும். மேஸ்திரி முடிவு செய்கிற விஷயமில்லை இது.

அந்த வீட்டில் கலவையிலும் திருட்டு நடந்திருக்கிறது. தளத்துக்குப் பேசும் கான்கிரீட் தரம் எம்20 என்றால் 1 பங்கு சிமென்ட், 1½ மணல், 3 ஜல்லி. ஐந்து அங்குலத் தளம் 1000 சதுர அடிக்கு ஏறக்குறைய 11.8 கனமீட்டர் வரும். கனமீட்டருக்கு 8 மூட்டை என்று வைத்தால் பீம் இல்லாமலே 94 மூட்டை பிடிக்கும். காலி மூட்டைகளை ஓரிடத்தில் போடச் சொல்லி நீங்களே எண்ணுங்கள். எழுபதில் வேலை முடிந்தால் மீதி எங்கே போனது என்று கேளுங்கள். மணலையும் ஜல்லியையும் சட்டிக் கணக்கில் போட விடாதீர்கள். ஆளுக்கு ஆள் சட்டி குவியும் அளவு மாறும். உட்புறம் 40 × 35 × 25 செ.மீ. உள்ள பெட்டி செய்து வையுங்கள். அது 35 லிட்டர், ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவு.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசம். மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் போதும், மணலின் ஈரத்தையும் சேர்த்து 30-ஐத் தாண்டவே கூடாது. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் இரண்டு ஊற்றினால் கலவை தானாக ஓடும், வேலை சீக்கிரம் முடியும். தளத்தின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஊற்றும்போதே அந்தக் கான்கிரீட்டை 150 மி.மீ. கியூப் (கனசதுர) அச்சுகளில் எடுத்து வைத்து, ஆய்வகத்தில் 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கியூப் எடுப்போம் என்று முன்கூட்டியே சொன்னாலே பாதிப் பேர் ஒழுங்காகக் கலப்பார்கள்.

நம் பக்கம் கிரஷர்கள் அதிகம் என்பதால் கிரஷர் தூசியை எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்று இறக்கிவிடுகிறார்கள். கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீருமாகக் குலுக்கி வையுங்கள். மேலே தடிமனாகச் சேறு படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். பூச்சுக்கான பி சாண்ட் கான்கிரீட்டுக்கு ஆகாது.

கம்பிக்கு மளிகைக் கடைத் தராசே போதும். ஒரு மீட்டர் துண்டு வெட்டி நிறுத்தால் 8 மி.மீ. கம்பி 395 கிராம், 12 மி.மீ. 888 கிராம் இருக்க வேண்டும். 8 மி.மீ. 367-க்குக் கீழும் 12 மி.மீ. 844-க்குக் கீழும் போனால் அந்தக் கம்பி வேண்டாம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் பூட்டிங்குக்கு 50, பில்லருக்கு 40, பீமுக்கு 25, தளத்துக்கு 20 மி.மீ. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் முதன்மைக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஊற்றும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால் பால்கனி ஒருநாள் ஆளோடு விழும். அடியில் அதைத் தாங்கும் சேர் கம்பி (நாற்காலி போல வளைத்த கம்பி) வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகடுக்கு நாள் வாடகை ஓடுவதால் ஒரு வாரத்துக்குள் பிரிக்கத் துடிப்பார்கள். இப்போது பெரும்பாலும் மெதுவாக இறுகும் பிபிசி சிமென்ட் என்பதால், அதுவும் பீம் இருக்கும் தளத்தில், 14 நாளுக்கு முன் முட்டுக் கம்பங்களை எடுக்க விடாதீர்கள். பால்கனியின் முட்டுக் கம்பங்களைக் கடைசி முனையிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும். தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 10 நாள்.

பணத்தை, "கான்கிரீட் போட்டதும்" என்று எழுதாமல், "குழி, கம்பி, கலவை மூன்றையும் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழியையும் டேப் வைத்துப் படம் எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விரிசல் படம், ரசீது, பொறியாளர் அறிக்கை மூன்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து வழி கேட்டுக்கொள்ளலாம். அறிக்கை கையில் வரும்வரை விரிசலை அடைக்காமல் அப்படியே விட்டு வையுங்கள்.