ரே சார்லஸின் 53 பாட்டுப் பெட்டி: நம்மூர் கொயர்க்காரர்கள் காதில் போட வேண்டியது

'தி பர்த் ஆஃப் சோல்' என்ற பெட்டியில் மூன்று சிடி, மொத்தம் 53 பாட்டு. 1952 முதல் 1959 வரை அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனிக்காக அமெரிக்கப் பாடகரும் பியானோ வாசிப்பவருமான ரே சார்லஸ் பதிவு செய்த ரிதம் அண்ட் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் ஜனரஞ்சக இசை) பாட்டுகள், ஏறக்குறைய பதிவான வரிசையிலேயே. பெட்டி வெளிவந்தது 1991இல். போனில் 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்புகள் கொட்டிக் கிடக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், அந்த வரிசைக்காகத்தான். பிரபலமான பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கேட்டால் அவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் பாடினார் என்று தோன்றும். அப்படி இல்லை.

1949இல் முதல் ரெக்கார்டு வந்தபோது அவர் நாட் கிங் கோல், சார்லஸ் பிரவுன் என்ற இரண்டு பாடகர்களையும் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவர். மென்மையான, பிசிறில்லாத குரல். 1952இல் 2,500 டாலர் கொடுத்து அட்லாண்டிக் அவருடைய ஒப்பந்தத்தை வாங்கியது. முதல் சிடியின் தொடக்கத்தில் அந்தப் பழைய சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது நன்றாகவே கேட்கிறது. நல்ல பாட்டுகள்தான், ஆனால் அவர்தான் பாட வேண்டும் என்றில்லை.

திருப்பம் 1954 நவம்பரில், அட்லாண்டா நகரின் ஒரு வானொலி நிலையத்தில் பதிவான 'ஐ காட் எ உமன்'. காரில் போகும்போது ரேடியோவில் கேட்ட ஒரு காஸ்பல் பாட்டின் (கறுப்பர் சபைகளின் பக்திப் பாட்டு) போக்கை எடுத்து, கர்த்தரைப் பற்றிய வரிகளுக்குப் பதில் ஒரு பெண்ணைப் பற்றிய வரிகளைப் போட்டார்கள். 1955 தொடக்கத்தில் அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அடுத்து, ஓய்வுநாள் பள்ளிகளில் பாடும் 'திஸ் லிட்டில் லைட் ஆஃப் மைன்' அவர் கையில் 'திஸ் லிட்டில் கேர்ள் ஆஃப் மைன்' ஆனது. சபையார் பலர் இதைத் தேவதூஷணமாகவே பார்த்தார்கள். மயிலாடி முதல் மார்த்தாண்டம் வரை கொயரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபத்தின் நியாயமும் புரியும், அந்தப் பாட்டின் இழுப்பும் புரியும். அதனால்தான் இந்தப் பெட்டி குமரி மாவட்டத்தில் அதிகம் பேர் காதில் விழ வேண்டும் என்கிறேன்.

கீபோர்டு வாசிப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டிய பாட்டு 'டிரவுன் இன் மை ஓன் டியர்ஸ்' (1956). மிக மெதுவான 12/8. நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால் நாலு அடி, ஒவ்வொன்றும் திச்ர நடை: தகிட தகிட தகிட தகிட. வலது கை அந்த மூன்றையும் கார்டாக (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில்) தட்டிக்கொண்டே போக, இடது கை அடியின் தொடக்கத்தில் மட்டும் விழ வேண்டும். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, இவ்வளவு மெதுவாகப் போவதைப் பொறுக்காமல் இரண்டாவது சரணத்துக்குள் வேகம் ஏறிவிடும். இன்னொன்று, சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடியே இருந்தால் தகிட மூன்றும் ஒட்டிக் குழைந்துவிடும். கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெடலை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சிடியில் 1959 பிப்ரவரியில் பதிவான 'வாட் ஐ சே' இருக்கிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுவதால் சிங்கிளாக (தனிப்பாட்டு ரெக்கார்டாக) வந்தபோது இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். பதிவு செய்தவர் டாம் டவுட். அன்றைக்குப் புதிதான எட்டு டிராக் கருவியில், அதாவது எட்டுத் தடங்களில் ஒலியைத் தனித்தனியே பதியும் கருவியில், எடுத்தார். வாத்தியம் வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ. உங்கள் கீபோர்டில் எலெக்ட்ரிக் பியானோ என்று நாலைந்து டோன் இருக்கும். மணி போல் மினுங்குவதை விட்டுவிட்டு, அழுத்தி அடித்தால் கொஞ்சம் கரகரக்கும் டோனைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேல் ஈ மேஜர், பன்னிரண்டு பார் ப்ளூஸ்: ஈ நாலு பார், ஏ இரண்டு, ஈ இரண்டு, பி ஒன்று, ஏ ஒன்று, மறுபடி ஈ இரண்டு. டிரான்ஸ்போஸ் பட்டனைப் போட்டு சியில் வாசித்தால் சத்தம் வரும், ஆனால் அந்த இடது கை உருட்டலுக்கு விரல் விழும் இடமே வேறு. ஈயிலேயே பழகுவது நல்லது. ஆட்டோ ரிதம் வேண்டவே வேண்டாம். டிரம்ஸ் டாம்களில் உருண்டு வரும் அந்தத் தாளம் எந்த ஸ்டைல் பட்டனிலும் இல்லை.

பாட்டின் பின்பாதியில் அவர் ஒரு முனகல் விட, அவருக்குப் பின்பாட்டுப் பாடும் ரேலெட்ஸ் பெண்கள் அதையே திருப்பிக் கொடுப்பார்கள். நம் கன்வென்ஷன் மேடைகளில் பல்லவி சொல்லிக் கொடுத்து வாங்கும் முறைதான். அவர்கள் பதில் சொல்லும் இடத்தில் அவர் குரல் இல்லை, இடத்தைக் காலியாக விடுகிறார். முன்பாடகர் கூடவே பாடிக்கொண்டிருந்தால் இது செத்துப்போகும். அதே சிடியில் 'நைட் டைம் இஸ் தி ரைட் டைம்' பாட்டில் ரேலெட்ஸில் ஒருவரான மார்ஜி ஹெண்ட்ரிக்ஸ் தனியாக நுழையும் இடத்தை மட்டுமாவது கேளுங்கள். கிழிகிற குரல், ஆனால் சுருதி ஒரு இழை நகரவில்லை.

இரட்சணிய சேனை பாண்டில் ஊதுபவர்களுக்கும் இதில் தீனி உண்டு. நாலைந்து பேர் மட்டும் ஊதும் சிறிய பாண்டு இது, டெனர் சாக்ஸபோனில் டேவிட் நியூமன். பாடகர் மூச்சு விடும் இடத்தில்தான் ஊதுகிறார்கள்.

பதிவுகள் பெரும்பகுதி மோனோ, அதாவது இடது வலது என்று பிரிக்காத ஒற்றை ஒலி. ஹோம் தியேட்டரில் போடுகிறவர்கள் சரவுண்டை அணைத்துவிட்டு சப் ஊஃபரைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். நம்மூர்க் கடைகளில் செட் பண்ணித் தரும் பாஸ் அளவில் இடது கையும் டபுள் பாஸும் ஒரே உறுமலாகிவிடும். சாதாரண இரண்டு ஸ்பீக்கரே போதும்.

பழைய பிரதிதான் கையில் வரும் என்றால் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூன்று சிடியும் அந்தப் பெட்டிக்குரியவைதானா, உள்ளே சிறு புத்தகம் இருக்கிறதா, பக்கங்கள் பூஞ்சை பிடித்து ஒட்டியிருக்கின்றனவா. பிறகு சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித்துளி போல் வெளிச்சம் தெரிந்தால் அலுமினியப் பூச்சு அரித்திருக்கிறது, விட்டுவிடலாம். அந்தப் பூச்சு இருப்பது அச்சடித்த பக்கத்துக்கு ஒட்டியே, மேலே மெல்லிய லாக்கர் மட்டும். அதனால் பளபளக்கும் பக்கத்துக் கீறலைவிட எழுத்துப் பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. துடைப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது.

நமக்கு இரண்டு பருவமழை. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் உப்புக் காற்று வேறு. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றினால் புத்தகமும் தப்பும்.

பெட்டியின் பெரிய குறை, அவருடைய நீண்ட வாழ்வில் எட்டு வருடம்தான் இதில் இருக்கிறது. 1959 இறுதியில் ஏபிசி பாரமவுண்ட் என்ற வேறு ரெக்கார்டு கம்பெனிக்குப் போனார். மாஸ்டர் (மூலப்) பதிவுகளின் உரிமை தனக்கே என்ற ஒப்பந்தம், அக்காலத்தில் பெரிய விஷயம். அடுத்த வருடமே 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' அமெரிக்காவில் முதலிடம். 1979இல் ஜார்ஜியா மாநிலம் அதைத் தன் மாநிலப் பாட்டாகவே ஏற்றுக்கொண்டது. அது இந்தப் பெட்டியில் இல்லை. 'ஹிட் தி ரோட் ஜாக்' (1961) எதிர்பார்த்து வாங்குபவர்களும் ஏமாறுவார்கள்.

ஆகவே இதோடு இன்னும் இரண்டு ஆல்பம் சேர்த்தால்தான் ஆளின் அளவு பிடிபடும். 1962இல் வந்த 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்', வெள்ளையர் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கண்ட்ரி பாட்டுகளை வயலின் கூட்டத்தோடும் பெரிய பாண்டோடும் எடுத்துப் பாடியது. அது 14 வாரம் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. 2004 ஜூன் 10 அன்று அவர் இறந்து, ஆகஸ்டில் வந்தது 'ஜீனியஸ் லவ்ஸ் கம்பெனி'. பிறரோடு சேர்ந்து பாடியவை. எட்டு கிராமி விருது. பண்டிட் ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸோடு பாடிய 'ஹியர் வீ கோ அகெய்ன்' இதில்தான். குரலில் பழைய வேகம் இல்லை, மூச்சும் குறைவு. வரியை எந்த இடத்தில் தாமதித்து வைப்பது என்பதில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. பெட்டியிலிருந்து நேரே இதற்குத் தாவாமல், நடுவில் 1962 ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்.