போனஸா, ஷிப்டா, பயிற்சியா? மொரீஷியஸ் வேலையிடங்களில் ஊக்கம் தருவது எது

டிசம்பர் பிறந்தாலே மொரீஷியஸில் எல்லா அலுவலகத்திலும் போனஸ் பேச்சுதான். ஆனால் இந்தப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் முதலாளி மனம் உவந்து கொடுப்பது அல்ல, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியது. வருஷச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் முக்கால் பங்கைக் கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலை நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும், மீதியை வருஷத்தின் கடைசி வேலை நாளுக்குள். உயிரைக் கொடுத்து உழைத்தவருக்கும் ஏனோதானோ என்று வந்துபோனவருக்கும் ஒரே கணக்கு. போனஸ் வந்தால் யாரும் கூடுதலாக உழைக்கப்போவதில்லை. ஒரு நாள் தள்ளிப்போனால் அலுவலகமே கொதிக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் இதைத்தான் 1959லேயே சொன்னார். பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்துவிட்டு அவர் வந்த முடிவு: சம்பளம், மேலதிகாரி, வேலையிட வசதி ஆகியவை குறைந்தால் வெறுப்பு வரும், சரியாக இருந்தால் வெறுப்பு போகும், அவ்வளவுதான். ஒன்றைச் சாதித்தோம், அதை நாலு பேர் மதித்தார்கள், பொறுப்பு கூடியது என்பவைதான் மனசை வேலையில் ஈடுபட வைக்கும். அவருடைய முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் நம் ஊர் போனஸுக்கு இந்த விளக்கம் அச்சாகப் பொருந்துகிறது. 2024 கடைசியில் மாதம் 50,000 ரூபாய் வரை அடிப்படைச் சம்பளம் வாங்கியவர்களுக்குப் பதினான்காம் மாதமும் கிடைத்தது. சந்தோஷம்தான், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அதனால் யாருடைய வேலையும் மாறியதாகத் தெரியவில்லை.

அதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 17,110 ரூபாய். கீழ்மட்டத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பத்து வருஷம் பழகிய கைக்கும் நேற்று வந்த பையனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுருங்கிப்போனது. பழைய ஆள் தன் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்து மேசையையும் பார்க்கிறார். இந்த மனக்குறையைத் தீர்க்காமல் வேறு எந்த ஊக்கத்தைக் கொண்டுவந்தாலும் எடுபடாது.

சரி, அடிப்படை நியாயமாக இருக்கிறது, கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் எதில் போடலாம்?

இலக்கை எட்டினால் கூடுதல் பணம் என்பது முதல் வழி. 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் கட்டைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு புதிருக்கு ஒரு டாலர் என்று வாங்கியவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் புதிர் சுவையான வேலை. நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைப்பதில் அப்படி என்ன சுவை இருக்கிறது? தையல் ஆலையில் இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்பது வேலை செய்யத்தான் செய்கிறது, அது நியாயமும்கூட. கால் சென்டரில் கதை வேறு. அழைப்பு எண்ணிக்கைக்குப் பணம் வைத்தால், வாடிக்கையாளரின் சிக்கல் தீர்வதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் பழக்கம் வந்துவிடும். லீவு எடுக்காமல் வந்தால் தொகை என்ற வருகை போனஸையும் நான் ஆதரிக்க மாட்டேன். காய்ச்சலோடு வந்து பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டவிடத்தான் அது உதவும்.

இரண்டாவது வழி, நேரம். என் ஓட்டு இதற்குத்தான்.

எபென் சைபர் நகரில் பிரான்சுக்காக இயங்கும் அலுவலகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட மூன்று மணி நேரம் பின்தங்கி இருக்கும். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே இரவு ஒன்பது. காவடி வருவதும் சரியாக அந்தப் பருவத்தில்தான். தைப்பூசத்தன்று அரசு விடுமுறை, அதில் குறையில்லை. ஆனால் கொடியேறியதிலிருந்து பத்து நாள் விரதம் இருப்பவருக்குத் தேவை அந்த ஒரு நாள் மட்டும் அல்ல. மாலைப் பூஜைக்குக் கோயிலில் இருக்க வேண்டும், வீட்டில் விரதச் சாப்பாடு சமைக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் காலை ஷிப்ட் கொடுத்துப் பாருங்கள், அந்த ஆள் வருஷம் முழுக்க உங்களுக்காக நிற்பார். நிறுவனத்துக்குச் செலவு என்று பார்த்தால் அநேகமாக ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்குத் தமிழர் நிற்க, காவடிக்குக் கிறிஸ்தவரான கிரியோல் நண்பர் நிற்க, ஈத் அன்று இருவரும் சேர்ந்து முஸ்லிம் தோழியின் இடத்தைப் பார்த்துக்கொள்வது இந்தத் தீவில் சாத்தியமான விஷயம்தானே.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். விடுமுறை நாளில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். வீட்டுக் கடன் கட்டுபவர் அதைத்தான் கேட்பார். அவரை வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்புவது சலுகை ஆகாது. எது வேண்டும் என்று கேட்டு முடிவு செய்வதில்தான் இந்த வழியின் பலமே இருக்கிறது.

மூன்றாவது, பயிற்சியும் பதவி உயர்வும். ஹோட்டல்காரர்களுக்கு இது அவசரம். நல்ல பிள்ளைகள் சொகுசுக் கப்பலுக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தோடு இங்கே போட்டி போட முடியாது. ஆனால் அறை சுத்தம் செய்யும் பெண்ணுக்கு இரண்டு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆக வழி இருக்கிறது என்று எழுத்தில் காட்ட முடியும். முதலாளிகள் எப்படியும் பயிற்சி வரி கட்டுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கு அனுப்பினால் மனிதவள மேம்பாட்டுக் கவுன்சிலிடமிருந்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஷிப்டுக்கு அடுத்த இடத்தில் இதை வைப்பதற்கு ஒரே காரணம், பலன் தெரிய நாளாகும் என்பதுதான். படிக்க அனுப்பிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தால், அவர் கையில் சான்றிதழோடு வேறு ஹோட்டலுக்குத்தான் போவார்.

மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் படம் மாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. முறை வைத்து எல்லாருக்கும் வந்துவிடும் பாராட்டை யாரும் மதிப்பதில்லை. "நேற்று அந்த விருந்தாளியை நீங்கள் சமாளித்த விதம் நன்றாக இருந்தது" என்று மேலாளர் நேரில் சொல்வது அதைவிட மேல்.

அடுத்த வருஷத்துக்கு ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால், நவம்பரிலேயே ஷிப்ட் அட்டவணையை மேசையில் விரித்து, யாருக்கு எந்த நாட்கள் முக்கியம் என்று கேட்டுவிடுங்கள். காவடி ஜனவரி நடுவிலேயேகூட வந்துவிடலாம். டிசம்பர் போனஸ் பரபரப்பில் அதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.