வாங்கியது காரையல்ல, ஆறே கால் ஆண்டுகளை

எங்கள் கார் 2016 அக்டோபரில் பதிவானது. நாங்கள் அதை வாங்கியது 2020 ஜூலையில். அப்போது ஓடோமீட்டர் காட்டியது 61,000 கிலோமீட்டர். இன்று காலை பார்த்தபோது 148,300. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கப் பத்தாண்டுக்கு ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, முடிய இன்னும் ஓராண்டுகூட இல்லை. புதிது வாங்கலாமா, பழையது வாங்கலாமா என்று என் தோழிகள் இரண்டு பேர் ஒரே மாதத்தில் கேட்டுவிட்டார்கள். இருவரிடமும் தனித்தனியாகப் புலம்புவதைவிட ஒரே தடவை எழுதிவிடுவது நல்லது.

எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போகும். ஜப்பான் தயாரிப்பு, இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சிவிடி என்னும் தானியங்கி கியர்பெட்டி, ஏழு இருக்கை. இந்த வகையில் சிங்கப்பூர்ச் சாலைகளில் நாலைந்து மாடல்கள் ஓடுகின்றன, அவற்றில் ஒன்று.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். பெரியவனுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. என் மாமியாருக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, மற்றொன்று எப்போது வேண்டுமானாலும் மக்கர் செய்யும். கணவருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. வீட்டில் ஓட்டுவது நான்தான். ஆனால் நாங்கள் போன எல்லா இடங்களிலும் விற்பனையாளர்கள் குதிரைத்திறனைப் பற்றி அவரிடமே விளக்கினார்கள். அவரும் மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்யூவிதான் என்று முடிவு செய்தது மாமியாரின் முழங்கால். செடானில் அவர் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும். உயரமான ஜீப் மாதிரி வண்டியில் ஏற ஒரு முக்காலி வேண்டும். இடுப்பு உயரத்துக்கு இருக்கை இருந்தால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கடையிலும் அவரைப் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொன்னேன். "என்னம்மா, தோப்புக்கரணமா?" என்று கேட்டார். நாலாவது தடவையே முகம் சுளித்தால் அந்த வண்டி வேண்டாம். இருக்கையின் உயரம் மட்டுமல்ல, கதவுக்குக் கீழே இருக்கும் படிக்கட்டையின் அகலமும் முக்கியம். அது அகலமாக இருந்தால் காலை வெகுதூரம் நீட்டித்தான் தரையைத் தொட வேண்டும். எந்த விளம்பரத் தாளிலும் இந்த அளவு இருக்காது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஊரில் பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது சிஓஇயில் மிச்சம் இருக்கும் மாதங்களை. பத்தாண்டு உரிமையில் மிச்சத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். கார் அதனுடன் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். நாங்கள் கொடுத்த விலை 72,800 வெள்ளி. காரின் ஓஎம்வி, அதாவது வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, 24,000. அதற்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு நூறு விழுக்காடு, மேலே உள்ள 4,000க்கு 140 விழுக்காடு, ஆக 25,600. பத்தாண்டு முடிவில் பதிவை ரத்து செய்யும்போது அதில் பாதி, 12,800 வெள்ளி, பார்ஃப் கழிவாகத் திரும்பி வரும். 72,800இல் அதைக் கழித்தால் 60,000. மிச்சம் இருந்தது ஆறே கால் ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்கு 9,600.

அதே அளவில் புதிய வண்டிக்கு அன்று கேட்ட விலை ஏறக்குறைய 135,000. கழிவு போகப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வித்தியாசம் இரண்டாயிரத்து ஐந்நூறு. காகிதத்தில் பழையதுதான் லாபம் என்று தோன்றியது. உண்மையில் எங்கள் கையைப் பிடித்தது முன்பணம். ஓஎம்வி 20,000ஐத் தாண்டினால் விலையில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் கிடையாது, ஏழாண்டுக்கு மேல் தவணையும் கிடையாது. பழையதற்கு 29,120 வெள்ளி ரொக்கமாக வேண்டும், புதிதுக்கு 54,000. எங்களிடம் இருந்தது முப்பத்தோராயிரம்.

மீதிப் பணத்துக்கு ஆறாண்டுக் கடன், வட்டி 2.78 விழுக்காடு, மாதத் தவணை 708 வெள்ளி. அந்த 2.78ஐப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். கடன் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாள் தொகைக்கே கடைசி மாதம் வரை போடுவார்கள். உண்மையான வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

முதலில் பிடித்துப்போன வண்டி இதுவல்ல. வெள்ளை நிறம், தோல் இருக்கை, மேலே கண்ணாடிக் கூரை என்று பளபளவென்று நின்ற ஒன்று. உள்ளே ஊதுவத்தி ஏற்றினாற்போல் வாசனைத் திரவியம். பின் இருக்கைத் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் ஈர நாற்றம். வெளியே ஒரு சோதனை நிலையத்தில் காட்டிவிட்டு முடிவு செய்கிறேன் என்றேன். நேரமில்லை, இன்றே இன்னொருவர் முன்பணம் கட்டுகிறார் என்றார்கள். நல்லது, அவருக்கே கொடுங்கள் என்று வந்துவிட்டேன். இப்போதைய வண்டியை விற்றவர் சோதனைக்குத் தயங்காமல் சாவியைக் கொடுத்தார். சோதனைக்குச் செலவு இருநூறு வெள்ளிக்குள். ஆறாண்டுக் கடன் வாங்கும்போது அந்த இருநூறைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஏழு இருக்கை எதற்கு என்றால், மலேசியாவில் இருக்கும் மூவாருக்குப் போய்வர. கணவரின் அக்கா அங்கே இருக்கிறார். மாதம் ஒரு முறை எல்லோருமாகப் போய் வரலாம், வரும்போது அவருடைய பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்பது திட்டம். ஆனால் நாங்கள் வாங்கிய நேரத்தில் எல்லை மூடியிருந்தது. நோய்த்தொற்றால் சிஓஇ ஏலமே மூன்று மாதம் நின்று, அந்த ஜூலையில்தான் மறுபடி தொடங்கியிருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் எல்லைப் பாலம் திறந்துவிடும் என்று நம்பினோம். தனியார் கார்கள் பழையபடி போய்வர 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கி முதல் இருபது மாதம் மூன்றாம் வரிசை மடங்கியே கிடந்தது; அதன் மேல் ஸ்ட்ரோலரும் அரிசி மூட்டையும் பயணம் செய்தன.

திறந்த பிறகாவது பயன்பட்டதா? இங்கேதான் என் கணக்கு தப்பியது. 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதற்குரிய இருக்கை கட்டாயம். இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களிலும் குழந்தை இருக்கைகளைப் பூட்டிவிட்டால் மூன்றாம் வரிசைக்குப் போக வழியே இல்லை. இரண்டாம் வரிசை முன்னால் சாய்ந்தால்தான் வழி. குழந்தை இருக்கை பூட்டியிருந்தால் அது சாயாது. ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழற்றி மாட்ட வேண்டும். மாமியார் முன்னால், பிள்ளைகள் நடுவில், ஐந்தடி பத்தங்குலம் உள்ள என் கணவர் பின்பக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து மூன்றாம் வரிசைக்கு. மூவார் போய்ச் சேர்ந்ததும் மடித்த பாயைப் பிரிப்பதுபோல் அவரைப் பிரித்தெடுத்தோம். பின்னால் குளிர்சாதனக் காற்றும் சரியாக எட்டாது. மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் பெட்டி வைக்க இடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டில் அந்த இருக்கைகளில் ஆள் உட்கார்ந்தது நாற்பது தடவைகூட இருக்காது.

வரிசையை மடித்தால் கிடைக்கும் இடம்தான் எங்களுக்கு உண்மையில் உதவியது. பொங்கலுக்கு முன்னால் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பு வாங்கிக்கொண்டு வருவோம். முழுக் கரும்பு, வெட்டாமல், பின் கதவிலிருந்து முன் இருக்கை வரை நீட்டிப் படுக்கும். ஒரு வருடம் அதன் சோகையிலிருந்து எறும்புகள் இறங்கித் தைப்பூசம் வரை எங்களுடன் குடியிருந்தன.

பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் பெட்ரோலையும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூர்க் கார் தரைவழி வெளியேறும்போது தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். பெரிய வண்டி, பெரிய தொட்டி, இங்கேயே நிரப்பும் பில்லும் பெரிது. அந்தப் பக்கம் மானிய விலை ரான் 95 பெட்ரோல் நமக்கு இல்லை, 97தான். 2025 ஜூலையிலிருந்து மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். ஊருக்குள் என் வண்டி லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் பன்னிரண்டைத் தொடுகிறது. சிக்கனம் வேண்டும் என்றால் ஹைபிரிட் பாருங்கள்.

பழுதுகள். 96,000 கிலோமீட்டரில், ஈசூன் சந்திப்புகளில் நின்று கிளம்பும்போது கியர்பெட்டி உதறத் தொடங்கியது, குளிர் ஜுரம் வந்தவர் மாதிரி. ஒரு பட்டறையில் கியர்பெட்டியையே மாற்ற வேண்டும், ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். சின் மிங்கில் இருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன் எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் காட்டினார். கறுப்புக் காப்பி. "முன்னால் வைத்திருந்தவர் ஒருமுறைகூட மாற்றவில்லை தங்கச்சி. முதலில் இதை மாற்றிப் பார்ப்போம்," என்றார். 380 வெள்ளியில் உதறல் முக்கால்வாசி அடங்கியது. அதன் பிறகு நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். பழைய சிவிடி வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின் எண்ணெய் மாற்றிய ரசீதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கியர்பெட்டி எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது குளிர்சாதனம். 2023இல் கூலிங் காயிலில் கசிவு. அதை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். 1,150 வெள்ளி, இரண்டு நாள். கழற்றிப் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தபோது மறுபடி சேருமா என்றே பயமாக இருந்தது. சேர்ந்தது, ஒரு கிறீச் சத்தம் மட்டும் மிச்சம். பிறகு எஞ்சின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், இருமுறை டயர், மூன்று பேட்டரி. இந்த வெயிலில் பேட்டரி இரண்டு ஆண்டு தாண்டினாலே பெரிது. எல்லாம் சேர்த்து ஐந்தாண்டில் 9,400 வெள்ளி. ஆண்டுக்குப் பங்கிட்டால் புதிதுக்கும் பழையதுக்கும் இருந்த அந்த இரண்டாயிரத்து ஐந்நூறில் பெரும்பகுதி பட்டறைக்கே போய்விட்டது.

சாலை வரி ஆண்டுக்கு ஏறக்குறைய 1,210, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு மாதம் 110. அந்த நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரிடத்தின் அகலம் 2.4 மீட்டர், என் வண்டியின் அகலம் 1.82. நேராக நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு முப்பது சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே மாமியாரை லிஃப்ட் அருகே இறக்கிவிட்டுத்தான் நிறுத்தப் போவேன். தூணில் உரசியது இருமுறை. இரண்டும் என் தவறு, தூண் நகரவில்லை.

2023 அக்டோபரில் எங்களுடையதைப் போன்ற பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டபோது ஒரு வியாபாரி தொலைபேசியில் அழைத்து, காரை 55,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்றே கால் ஆண்டு ஓட்டியதற்கு 17,800தான் செலவாகியிருக்கும். அன்று இரவு எங்களுக்குத் தூக்கமில்லை. ஆனால் விற்றுவிட்டு எதில் போவது? அடுத்ததையும் அதே சந்தையில்தான் வாங்க வேண்டும். விற்கவில்லை.

அந்த இரவில்தான் இன்னொன்றும் உறைத்தது. 2020இல் புதிது வாங்கியிருந்தால் அன்றைய மலிவான சிஓஇ 2030 வரை ஓடியிருக்கும். இன்றைக்கு அந்த நான்கு சொச்சம் ஆண்டுகளுக்குத்தான் மதிப்பு. என் தவறு பழைய வண்டியை வாங்கியது அல்ல. மலிவு நேரத்தில் குறைந்த ஆண்டுகளை வாங்கியது. கையில் ஐம்பத்து நாலாயிரம் இல்லாதவள் இதையெல்லாம் பேசி என்ன பயன் என்பதும் சரிதான். அதனால் தோழிகளிடம் நான் சொல்வது இதுதான்: சிஓஇ ஏறி நிற்கும் இப்போது பத்தாண்டுக்கு மாட்டிக்கொள்ளாதீர்கள். நாலைந்து ஆண்டு மிச்சமுள்ள, பராமரிப்பு ரசீதுகளுடன் வரும் பழைய வண்டியைப் பாருங்கள். விலை இறங்கும் காலம் வந்தால், முன்பணமும் இருந்தால், புதிது. பிள்ளைகளின் வயதையும் அந்த மாதங்களோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்காக வாங்கும் வண்டி அவனுக்கு எட்டு வயதாகும்வரை வந்தால் போதும்.

எங்கள் வண்டியைப் புதுப்பிக்கலாமே என்று கேட்கிறார்கள். முந்தைய மூன்று மாத சிஓஇ சராசரியைக் கட்ட வேண்டும். பி பிரிவில் அது ஒரு லட்சத்துக்கு மேல். ஐந்தாண்டுக்குப் பாதி கட்டலாம், ஆனால் அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது. எப்படிச் செய்தாலும் 12,800 கழிவு போய்விடும். பத்தாண்டு தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை, சாலை வரியில் கூடுதல் கட்டணம். கிறீச் என்னும் டேஷ்போர்டுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

அடுத்தது ஐந்து இருக்கை, சிறிய கார்களுக்கான ஏ பிரிவு, அநேகமாக மின்சாரம். போன ஞாயிறு ஒன்றைப் பார்த்தோம். உட்புறம் மாளிகை போல இருந்தது. பெரியவன் பெரிய திரையை விட்டு நகரவில்லை. மாமியார் தானாகவே பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தார். பிறகு கதவுக்கு மேலே கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கிறது, பிடித்து எழ ஒரு கைப்பிடி இல்லையே," என்றார். அந்த வண்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.