ஆண்டுச் சந்தா கட்டுமுன் படியுங்கள்: ‘எங்கள் சொந்த ஏஐ’ என்று விற்கப்படும் சாட்பாட்கள்

வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு சிறு நிறுவனம். வாடிக்கையாளர் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல ஒரு ஏஐ சாட்பாட் வாங்கி, ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகவே கட்டியது. நான்காம் மாதம் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டிய பணம் திரும்பவில்லை. வாடிக்கையாளர்கள் பல வருடமாகப் பழகியிருந்த வாட்ஸ்அப் எண்ணும் சில வாரங்கள் கைவிட்டுப் போயிற்று. இதே மாதிரி, இதே வரிசையில் வேறு சிறு நிறுவனங்களும் மாட்டிக்கொள்கின்றன. அதனால் எங்கே சறுக்குகிறது என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் சறுக்கல் டெமோவில். பன்னிரண்டு கேள்விகள் காட்டப்பட்டன, பன்னிரண்டுக்கும் சரியான பதில் வந்தது. கேள்விகளை எழுதியவர்களும் விற்க வந்தவர்கள்தான், பதில் இருந்த கோப்பைத் தயாரித்தவர்களும் அவர்கள்தான். நிறுவனத்தின் உண்மையான விலைப்பட்டியலோ 140 பக்க ஸ்கேன் பிடிஎஃப்.

இந்த வகை சாட்பாட் நம் கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேமிக்கும். கேள்வி வந்ததும் பொருத்தமாகத் தெரியும் சில துண்டுகளை மட்டும் தேடியெடுத்து, பதிலை எழுதும் ஏஐ மென்பொருளான மொழி மாதிரியிடம் (சுருக்கமாக ‘மாதிரி’) கொடுக்கும். அட்டவணை நடுவில் வெட்டுப்பட்டால் தலைப்பு வரிசை ஒரு துண்டிலும் எண்கள் வேறு துண்டிலும் போய்விடும். எது பாக எண், எது விலை, எது பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கை என்பதற்கு அந்தத் துண்டில் அடையாளமே இருக்காது. ஆனாலும் மாதிரி தயங்காது. ஏதோ ஓர் எண்ணை எடுத்து, தெளிவான வாக்கியத்தில் விலையாகச் சொல்லிவிடும். இங்கே பெட்டி விலை ஒற்றை விலையாகப் போனது, ஒற்றை விலை பெட்டி விலையாகவும் போனது. போதாததற்கு, பழைய பட்டியலை நீக்காமலே புதியதை ஏற்றியிருந்தார்கள். ஒரே பாகத்துக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.

விலையையும் கையிருப்பையும் கோப்பிலிருந்து படிக்க விடவே கூடாது. பாக எண்ணைக் கொடுத்து, பில்லிங் மென்பொருளின் தரவுத்தளத்திலிருந்து ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் நேரடியாகத் தகவல் கேட்டு வாங்கும் இணைப்பு) வழியாக அந்த நொடியின் விலையை எடுக்க வேண்டும். சாட்பாட்டின் வேலை அதை வாக்கியமாக்குவது மட்டுமே. அப்படி இணைக்க முடியாது என்று விற்பவர் சொன்னால், விலை கேட்டவுடன் உரையாடலை ஓர் ஊழியருக்கு மாற்றும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

தவறாகச் சொன்ன விலைக்கு யார் பொறுப்பு? 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சிவில் தீர்ப்பாயம் ஏர் கனடா வழக்கில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. இறப்பு நிகழ்ந்த குடும்பத்தாருக்கான கட்டணச் சலுகை பற்றி அந்நிறுவனத்தின் சாட்பாட் பயணிக்குத் தவறான தகவல் கொடுத்தது. சாட்பாட் தனக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. உங்கள் பெயரில் பேசும் கருவியின் சொல், உங்கள் சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்தது, ‘எங்கள் சொந்த ஏஐ’ என்ற பேச்சு. சிறு நிறுவனங்களுக்கு விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை, பெரிய நிறுவனங்களின் மாதிரிகளை ஏபிஐ வழியாக வாங்கி மேலே ஒரு திரை போட்டவை. அது தப்பில்லை. மறைப்பதுதான் தப்பு. எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, நம் உரையாடல்கள் எந்த நாட்டின் சர்வரில் எத்தனை நாள் இருக்கும், அந்தப் பதிப்பு நிறுத்தப்பட்டால் புதியதைச் சோதித்துத் தருவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

மாதிரி தெரிந்தால் செலவையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். மாதிரி எழுத்தைச் சிறு சிறு துணுக்குகளாகப் பிரித்துப் படிக்கும், எழுதும்; அந்தத் துணுக்குதான் டோக்கன், அதை எண்ணித்தான் கட்டணம். ஒரு கேள்விக்கு நிலையான அறிவுறுத்தல் 800 டோக்கன், தேடியெடுத்த துண்டுகள் 2,500, முந்தைய உரையாடல் 700 என்றால் உள்ளே போவது 4,000. வெளியே வரும் பதில் 300. நாளுக்கு 200 கேள்வி, மாதத்துக்கு 6,000. அப்படியானால் உள்ளீடு 2.4 கோடி டோக்கன், வெளியீடு 18 லட்சம். மாதிரியை உருவாக்கிய நிறுவனம் பத்து லட்சம் டோக்கனுக்கு இவ்வளவு என்று தன் தளத்திலேயே விலை போட்டிருக்கும். பெருக்கிப் பார்த்து, உங்களிடம் கேட்ட சந்தாவோடு ஒப்பிடுங்கள். அமைப்பதற்கும் பராமரிப்பதற்கும் நியாயமான கூலி சேரலாம். பத்து மடங்கு, இருபது மடங்கு வித்தியாசம் வந்தால் விளக்கம் கேளுங்கள். தமிழில் கேள்வி வரும் இடங்களில் பதிப்பு இன்னும் முக்கியம். 2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4ஓ மாதிரி வந்தபோது, 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ் வாசகம் புதிய முறையில் 35 டோக்கனில் அடங்குவதாக அந்நிறுவனம் காட்டியது. பழைய மாதிரியையே ஓட்டிக்கொண்டு இருப்பவர் உங்கள் தலையில் மூன்று மடங்குச் செலவைக் கட்டலாம்.

‘99 சதவீதத் துல்லியம்’ என்று விளம்பரத்தில் இருந்தால், எந்தக் கேள்விகளில், எத்தனை கேள்விகளில் என்று கேளுங்கள். தன்னை ‘ரோபோ வழக்கறிஞர்’ என்று விளம்பரப்படுத்திய டுநாட்பே நிறுவனம், மனித வழக்கறிஞரின் தரத்துக்கு அது வேலை செய்கிறதா என்று சோதித்தே பார்க்கவில்லை என 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 1,93,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

சோதனையை நீங்களே செய்யுங்கள், பணம் கட்டுமுன். கடந்த மூன்று மாத உரையாடல்களிலிருந்து 100 கேள்விகளை எடுத்து, பெயர்களையும் தொலைபேசி எண்களையும் நீக்குங்கள். அவற்றில் 20 கேள்விகளுக்கு உங்கள் கோப்புகளில் பதிலே இருக்கக் கூடாது. எழுத்துப்பிழையோடும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழோடும் வந்தவற்றைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். சரியான பதிலை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்று முறை கேளுங்கள். சரி, தவறு, ‘தெரியாது’ என மூன்று நெடுவரிசைகளில் குறியுங்கள். ‘தெரியாது’ அதிகம் வந்தால் கோப்புகளைச் சீர்செய்யலாம். பதிலே இல்லாத அந்த 20 கேள்விகளுக்குத் துணிந்து பதில் சொல்லும் கருவியை வாங்காதீர்கள்.

வாட்ஸ்அப் எண் போன கதை எளிது. வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவின் பிசினஸ் கணக்கை விற்பனையாளர் தன் பெயரில் திறந்து, அதில் இவர்களுடைய எண்ணைச் சேர்த்திருந்தார். இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் எண்ணும் அவரிடமே இருந்தது. சந்தாவை நிறுத்துகிறோம் என்றதும் அவர் பதில் சொல்வதை நிறுத்தினார். கணக்கு உங்கள் நிறுவனப் பெயரில் இருக்க வேண்டும். விற்பனையாளருக்குக் கொடுப்பது அனுமதி மட்டும். ஏபிஐ இணைப்பைத் திறக்கும் கடவுச்சொல் போன்ற ஏபிஐ சாவிக்கும் இதே விதி.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், நிறுத்தப் போவதாக முதலில் சொல்லிவிடாதீர்கள். உரையாடல் பதிவுகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ளுங்கள். கணக்கின் நிர்வாகி உரிமையை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லி, மாறியதும் பின் எண்ணை மாற்றுங்கள். உங்கள் பெயரில் உள்ள ஏபிஐ சாவிகளை ரத்து செய்து புதியவை எடுங்கள். பில்லிங் மென்பொருளில் அவர்களுக்குக் கொடுத்த பயனர் கணக்கை முடக்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் தேதி எது என்று ஒப்பந்தத்தில் பார்த்து, முன்னறிவிப்புக் காலம் முடிவதற்குள் ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, வங்கியில் தானியங்கிப் பணப்பிடித்தத்தையும் அதே நாளில் நிறுத்துங்கள்.