பூனை இருக்கிற வீட்டில் கிறிஸ்துமஸ் மரம்: நாலு வருட அனுபவம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இரண்டாவது மாடி வீடு, ஐந்தடி பிளாஸ்டிக் மரம், மிட்டாய், கருப்பி என்று இரண்டு நாட்டுப் பூனைகள். நாலு கிறிஸ்துமஸ் தாண்டியாயிற்று.

மற்றதை விட்டாலும் இதை மட்டும் கேளுங்கள்: பூனை இருந்தால் ஜிகினாத் தோரணம் வேண்டவே வேண்டாம். இரண்டாவது வருடம் சிவாஜிநகர் கடைத்தெருவில் ஆசைப்பட்டு வெள்ளி நிறத்தில் வாங்கி வந்தேன். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது மிட்டாய் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரெண்டு தரம் வாந்தி, கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். டாக்டர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு வெள்ளி இழை சுற்றி மாட்டியிருந்தது, மிச்சம் குடலுக்குள். ஒரு முனை மாட்டிக்கொண்டிருக்க, குடல் மறுமுனையை இழுக்க இழுக்க, பாவாடை நாடாவை இழுத்த மாதிரி குடல் கொசுவிக்கொள்ளும், கடைசியில் இழை குடலையே அறுத்துவிடும் என்றார். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

விரட்டுகிற வழிகள் எதுவும் எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை. ஆரஞ்சுத் தோல் ரெண்டு நாளில் காய்ந்து வாசம் போய்விடும். அடியில் விரித்த அலுமினியத் தாளுக்கு ஒரு வாரம் பயந்தார்கள், அப்புறம் அதன் மேலேயே தூக்கம். அத்தை நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைக்கலாம் என்றார்கள், நல்லவேளை முதலில் டாக்டரைக் கேட்டேன். அந்த மாதிரி தைலங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது, விஷமாகிவிடும். ஆரஞ்சு எண்ணெயும் அதே கதைதான்.

நிஜமாகவே பலன் கொடுத்தது மரத்தைக் கட்டிப் போட்டதுதான். முதல் வருடம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணாடி உருண்டைகளோடு சாய்ந்த மரம், தண்டின் மேல்பகுதியைத் தூண்டில் நரம்பால் ஜன்னல் கிரில்லோடு ரெண்டு பக்கமும் கட்டி, ஸ்டாண்டின் கால்கள் மேல் மணல் மூட்டை வைத்த பிறகு ஒரு தடவைகூட விழவில்லை. சோபாவை நாலடி தள்ளிப் போட்டேன், தாவ மேடை இல்லை. மரத்தை முதல் நாலு நாள் மொட்டையாகவே விட்டுவிடுகிறேன், மோந்து பார்த்து, நகத்தால் பிறாண்டி, ஒரு தரம் ஏறி இறங்கி அவர்களே சலித்துப்போகட்டும். அதன்பிறகுதான் அலங்காரம், அதிலும் கீழ் ஒன்றரை அடியில் துணி பொம்மையும் மரக்கட்டை நட்சத்திரமும் மட்டும். சீரியல் செட் ஒயரைக் கடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன், படுக்கப் போகும்போது பிளக்கையும் பிடுங்கிவிடுவேன்.

குடிலில்தான் நான் எதிர்பார்க்காத ஒரு வழி கிடைத்தது. வைக்கோல் போட்ட அன்றைக்கே கருப்பி மாதாவையும் சூசையப்பரையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே சுருண்டு படுத்தாள். விரட்டி விரட்டி ஓய்ந்துபோய், மிச்ச வைக்கோலை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அன்றிலிருந்து பெட்டிதான் அவள் இடம், மரத்தில் ஏறுகிற ஆசையும் பாதியாகக் குறைந்தது. மிட்டாய்க்குச் சணல் கயிறு சுற்றிய ஒரு கட்டை, அவ்வளவுதான். பூனை எங்கே போகக்கூடாது என்பதையே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கே போகலாம் என்று காட்டவேண்டும் என்பது மூன்றாவது வருடம்தான் புரிந்தது.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து மரத்தைக் கழற்றும்போது கம்பிக் கொக்கிகளை எண்ணிப் பாருங்கள். நாங்கள் மாட்டுவது நாற்பது. போன தடவை முப்பத்தொன்பதுதான் இருந்தது, சோபாவைக் கவிழ்த்து, பீரோவை நகர்த்தி, கால்மிதியடிக்குக் கீழே அது கிடைத்த பிறகுதான் அன்றைக்குப் படுத்தேன்.