கானாடுகாத்தானா, கடற்கரையா?

தை மாதம் பிள்ளையார்பட்டியில் பங்காளிகள் சிலரைப் பார்த்தேன். மூன்று பேருக்கு இன்னும் ஓரிரு ஆண்டில் ஓய்வு. மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அண்ணே, ஊருக்கே வந்துவிடலாமா, கடலோரமாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாமா?" நான் இரண்டு இடத்திலும் குடியிருந்தவன். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் 19 ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். இப்போது ஆறு ஆண்டுகளாகச் செட்டிநாட்டில், கானாடுகாத்தானை அடுத்த எங்கள் ஊரில், பாட்டனார் கட்டிய வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்து கிழக்கே கடலோர ஊரான தொண்டிப் பக்கம் மனை வாங்கலாம் என்று ஒருவர் ஆசை காட்டியதால் அங்கும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சென்னையில் அந்தப் பேட்டையும் இங்கே கானாடுகாத்தானும் ஒரே மனிதரின் பெயரோடு பிணைந்தவை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912 முதல் கானாடுகாத்தானில் நிற்கிறது. அடையாறு கடலில் கலக்கும் இடத்தருகே இன்னொரு செட்டிநாடு அரண்மனை இருக்கிறது. சுற்றியுள்ள பகுதிக்கே அவர் பெயர்தான். ஊர்க்காரனான எனக்குச் சென்னையில் அது ஒரு தைரியம். மாலையில் அந்த மதிலை ஒட்டி நடந்துபோய்ப் பட்டினப்பாக்கம் மணலில் உட்கார்ந்தால், ஊரிலிருந்து யாரோ கூடவே வந்திருப்பது போல இருக்கும். கடற்காற்று, முகத்துவாரத்துப் பறவைகள், வலையிலிருந்து நேரே வரும் மீன் எல்லாம் உண்மையான சுகங்கள். ஊருக்கு வந்தபின் நான் மிகவும் ஏங்குவது சாயங்காலக் காற்றுக்குத்தான். இங்கே சித்திரை, வைகாசியில் தெருவில் ஓர் இலை அசையாது.

ஆனால் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் அடித்தும் துரு நிற்கவில்லை. கதவுக் கீல், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தகடு என்று ஒவ்வொன்றாகப் போயின. ஒரு நாள் குளியலறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து விழுந்தது. மேலே பார்த்தால் கம்பி உப்பி, அடுக்கடுக்காக உரிந்திருந்தது. கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடிக்கும். இந்த அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்டது. கடற்கரையில் சொந்தமாக அடுக்குமாடி வீடு வாங்க நினைப்பவர்கள், எத்தனை ஆண்டு பழைய கட்டடம், கம்பிக்கு மேல் எவ்வளவு கனம் கான்கிரீட் மூடியிருக்கிறது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கடலின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்குள் கடல் புகுந்தது. நாங்கள் மாடியில் இருந்தோம், தப்பித்தோம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவின் குடிசை போய்விட்டது. கடல் பார்த்த வீடு என்று விலை சொல்கிறவர்கள் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இனி ஊர் வீடு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நாங்கள், காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தவர்கள் என்பது எங்கள் மரபுச் செய்தி. அந்த ஊரைக் கடல் கொண்ட பயம் மனத்தில் இருந்ததால்தான் இந்த வறண்ட சீமையிலும் மேடையை உயர்த்தி வீடு கட்டினார்கள் என்று அப்பச்சி சொல்வார். முகப்பில் ஏறி, பட்டாலை என்கிற முன்கூடம் கடந்து, வளவு என்கிற முற்றத்துக் கட்டுக்குள் வந்து, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தடித்த சுவரும் முற்றமும் செய்கிற வேலையை எந்தக் குளிர்சாதனக் கருவியும் செய்யாது. வெளியே அனல் வீசும் பகலில் வளவில் பாய் விரித்துப் படுத்தால் முதுகு குளிரும். சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்த சுவரில் இன்றும் முகம் தெரிகிறது. பர்மாத் தேக்குத் தூண்களை உப்பு தொடுவதில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மேல் வார்த்து, சூளையில் சுடாமல் செய்கிற கல். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். சும்மா பூட்டி வைத்தால் மங்கிப்போகும்.

பூட்டி வைத்தால் மங்குவது கல் மட்டுமல்ல. நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தால் போதும், மழைநீர் மரத்தில் இறங்கும், பின்னாலேயே கரையான் வரும். மேல்மாடிச் சுவரில் காக்கை போட்ட விதை முளைத்து, கவனிப்பதற்குள் அரசங்கன்று சுவரைப் பிளக்கும். இவற்றுக்குப் பணத்தைவிட ஆள் வேண்டும், அதைவிடச் சம்மதம் வேண்டும். எங்கள் வீட்டில் 11 புள்ளிகளுக்கு, அதாவது மணமான 11 குடும்பங்களுக்கு, பங்கு. இரண்டு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வளவின் தகரத் தாழ்வாரம் ஒழுகியபோது, செலவைப் பங்கிட ஒருவர் சம்மதிப்பதற்காக இரண்டு மழைக்காலம் காத்திருந்தோம். அதற்குள் ஒரு உத்தரம் உளுத்துப்போனது. வேறு தேக்கு வாங்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய வீடுகளைப் பிரித்த தூண்களும் நிலைகளும் அங்கே விற்பனைக்கு அடுக்கியிருந்தன. யாரோ ஒரு ஆச்சி கோலம் போட்ட வாசலின் நிலை, விலைச்சீட்டோடு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியல் யார் வீட்டு ஓடுகளையும் மாற்றித் தராது.

மருத்துவத்துக்குச் சென்னைதான் மேல். அதில் வாதமே இல்லை. இருதயத்துக்குத் தொடர்ந்து மருத்துவம் பார்ப்பவர்கள் ஊருக்கு வர யோசிக்க வேண்டும், பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கு ஓட வேண்டியிருக்கும். போக்குவரத்தில் குறை சொல்ல மாட்டேன். காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் பேரப் பிள்ளைகளோடு இருக்கலாம்.

தொண்டி? தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் பாக் விரிகுடா. ஆழமில்லாத, அலை அடங்கிய கடல். பழைய துறைமுகம், பர்மாவிலிருந்து வந்த மரம் அங்கே இறங்கி மாட்டு வண்டியில் நம் ஊர்களுக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமைதி வேண்டுமென்றால் சென்னைக் கடற்கரையைவிட நூறு மடங்கு அங்கே கிடைக்கும். நான் பார்த்த மனையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. உப்பரிப்பு சென்னையில் போலத்தான், மருத்துவமனை தூரம் ஊரைவிட அதிகம், பங்காளிகளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். வீடு கட்ட வேண்டாம் என்று அந்த ஆசைக்காரரிடமே சொல்லிவிட்டேன்.

பிள்ளையார்பட்டியில் மூவருக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொன்னேன். இருதய நோயுள்ளவரிடம், ராஜா அண்ணாமலைபுரத்திலேயே வாடகைக்கு இருங்கள், துருவின் கணக்கு வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும் என்றேன். பங்காளிகளோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொருவரிடம், முதலில் முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கு வந்து எல்லோரோடும் ஒரு பந்தியில் உட்காருங்கள், வீட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றேன். மூன்றாமவர் எங்கள் வளவுக்காரர், இதே வீட்டுப் பங்காளி. அவரிடம், வந்துவிடு தம்பி என்று மட்டும் சொன்னேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கிழக்குப் பக்க ஓடுகளைப் பிரித்து அடுக்க வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொள்ள நம் ஆள் ஒருவர் கீழே நிற்பார் என்றால், இந்த வயதிலும் கொத்தனாரோடு நானே மேலே ஏறிவிடுவேன்.